எடை மெஷின் நகரவில்லை என்றால் உடம்பில் ஒன்றுமே நடக்கவில்லை என்று அர்த்தமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 36, உயரம் 158 செ.மீ., இரண்டு குழந்தைகள். நாலு மாதம் முன்பு எடை 74 கிலோ. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் நடக்க ஆரம்பித்து, சோற்றைக் குறைத்து, முதல் மாதத்திலேயே 71க்கு வந்துவிட்டார். இரண்டு மாதமாக ஜிம்மில் வெயிட் தூக்குகிறார். அதிலிருந்து மெஷின் 70.8, 71.3, 71 என்று அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. போன வாரம் ராத்திரி பஸ் பிடித்துத் திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து ஏறி நின்றால் 72.6. "அக்கா, ரெண்டே நாள்ல ஒன்றரை கிலோ ஏறிடுச்சு, இத்தனை நாள் உழைப்பு வீண். என் கல்யாணத்தப்போ 55 இருந்தேன், அதை இனிமே பார்க்கவே மாட்டேனா? ஜிம்மை விட்டுடலாமா?" என்று கேட்கிறார். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: சுடிதார் எல்லாம் இடுப்பில் லூஸாகிவிட்டது, தண்ணீர் கேனை இப்போது அவரே தூக்கி வைக்கிறார்.

விடாதீர்கள்மா. முதலில் அந்த ஒன்றரை கிலோ கணக்கை முடித்துவிடுவோம், அதுதான் உங்களை இப்படி எழுத வைத்திருக்கிறது. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் செலவாவதற்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். 1.6 கிலோ என்றால் 12,000 கலோரிக்கு மேல், அதுவும் அந்த இரண்டு நாளுக்குத் தேவையான சாப்பாடு போக மிச்சமாக. ஒரு கல்யாண இலையில் பாயசத்தை இரண்டு தடவை வாங்கி, வடை, அப்பளம், இனிப்பு என்று ஒன்று விடாமல் சாப்பிட்டாலும் 1,500 கலோரி வரலாம், மிஞ்சிப்போனால் 2,000. அப்படியானால் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் ஆறிலிருந்து எட்டு இலை சாப்பிட்டிருக்க வேண்டும். நீங்கள் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள், யாராலும் முடியாது.

அதற்காக மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்றும் சொல்ல மாட்டேன். 1.6 கிலோ நிஜமாகவே கூடித்தான் இருக்கிறது. கூடியது எது என்பதுதான் கேள்வி. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், வத்தக்குழம்பு என்று வழக்கத்தைவிட நிறைய உப்பு உள்ளே போயிருக்கும். ரத்தத்தில் உப்பின் அடர்த்தி மாறாமல் இருக்க உடம்பு அதற்கேற்ற தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம், மாதக்கணக்காகச் சோற்றைக் குறைத்திருந்த உடம்புக்குத் திடீரென்று சோறும் இனிப்பும் கிடைத்ததும் தசையிலும் ஈரலிலும் கிளைகோஜன் நிரம்பும். மாவுச்சத்தை உடம்பு உடனடித் தேவைக்கு எடுத்துவைக்கிற வடிவம் அது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். வளர்ந்த ஒருவர் உடம்பில் அரை கிலோ அளவுக்கு அது இருக்க முடியும், ஆக அது காலியாவதிலும் நிரம்புவதிலும் மட்டுமே ஒன்றரை, இரண்டு கிலோ ஏறி இறங்க இடமிருக்கிறது. இதோடு ராத்திரி முழுக்க பஸ்ஸில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து வந்த கால் வீக்கம், தூக்கம் கெட்டது, வெளியூரில் வயிறு சரியாகப் போகாதது எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் திரும்பினால் நாலைந்து நாளில் அது வந்த வழியே போய்விடும்.

இதே கணக்கு உங்களுக்குப் பிடிக்காத பக்கத்திலும் வேலை செய்யும், அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் மாதத்தில் குறைந்த 3 கிலோவில் ஒரு நல்ல பங்கு இதே தண்ணீர்தான். சோற்றைக் குறைத்த முதல் பத்து நாளில் கிளைகோஜனும் அதோடு இருந்த தண்ணீரும் வெளியேறின, மெஷின் வேகமாக இறங்கியது, நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள். அந்த வேகத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு இப்போதைய மாதத்தைப் பார்த்தால் எல்லா மாதமும் தோல்வியாகத்தான் தெரியும். "30 நாளில் 10 கிலோ" என்று போர்டு வைத்துக் காசு வாங்குகிறவர்கள் இந்த முதல் பத்து நாள் தண்ணீரை நம்பித்தான் கடை நடத்துகிறார்கள். எனக்கு இதில் நிஜமாகவே கோபம் உண்டு, ஏனென்றால் இரண்டாம் மாதம் அழுதுகொண்டு வருகிறவர்களை நான்தான் உட்கார வைத்துப் பேச வேண்டியிருக்கிறது.

ஒரே நாளில் எடை எவ்வளவு ஆடும் என்பதற்கு நாம் எல்லோரும் பார்த்த சாட்சி ஒன்று இருக்கிறது. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 50 கிலோ பிரிவில் ஆடினார். ஆகஸ்ட் 6 காலை எடை வரம்புக்குள் இருந்தார், அன்றைக்கு மூன்று பேரை ஜெயித்து இறுதிப் போட்டிக்குப் போனார். ஆடுவதற்குத் தெம்பு வேண்டும், நீர்ச்சத்து குறையக் கூடாது என்று இடையில் கொஞ்சம் சாப்பிட்டார், குடித்தார். ராத்திரி பார்த்தால் வரம்புக்கு மேல் 2.7 கிலோ. விடிய விடியத் தூங்காமல் ஓடி, வியர்வை அறையில் உட்கார்ந்து, முடியைக்கூட வெட்டி, காலையில் ஏறி நின்றபோது 100 கிராம் கூடுதல். தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். உலகத்திலேயே மிகக் கட்டுப்பாடான உடம்புகளில் ஒன்று, பகலில் இரண்டரை கிலோவுக்கு மேல் ஏறி, ராத்திரியில் கிட்டத்தட்ட அவ்வளவும் இறங்கியிருக்கிறது. அதில் கொழுப்பு எத்தனை கிராம் இருந்திருக்கும்? சொல்லிக்கொள்கிற அளவுக்குக்கூட இருந்திருக்காது. அந்த ராத்திரிக்குப் பிறகு நீர்ச்சத்துக் குறைவுக்காக அவருக்குச் சிகிச்சை கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். தண்ணீர் குடிக்காமல் மெஷினில் ஏறுகிற பழக்கம் நம் ஊர் ஜிம்களிலும் இருக்கிறது, செய்யாதீர்கள்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே நாள் முழுக்க எடை பார்த்து நோட்டில் எழுதினேன், புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக. காலை ஐந்தே முக்காலுக்கு, பாத்ரூம் போய்விட்டு வந்து, 61.2. இரண்டு டம்ளர் தண்ணீரும் காபியும் குடித்த பிறகு 61.9. பயிற்சி முடித்து வியர்த்து வந்ததும் 61.3. மத்தியானம் சாம்பார், கூட்டு, தயிர் சாதத்துக்குப் பிறகு 62.4. ராத்திரி படுக்கப் போகும்போது 62.9. மறுநாள் காலை அதே நேரம் 61.4. ஒரே பெண், ஒரே மெஷின், ஒரே தரை, பதினைந்து மணி நேரத்தில் 1.7 கிலோ வித்தியாசம். இந்தப் பக்கத்தைப் பார்த்ததும் ஒரு அம்மா, "அப்போ நான் தினமும் சாயங்காலம் ஜிம்மில் ஏறி ஏறி அழுததெல்லாம் மத்தியானச் சோத்துக்கா?" என்று கேட்டார். ஆமாம், பெரும்பாலும் அதற்குத்தான்.

இந்த வேலையை நானூறு வருடம் முன்பே ஒருவர் செய்து வைத்திருக்கிறார். இத்தாலியில் படுவா பல்கலைக்கழகத்தில் இருந்த சாந்தோரியோ என்ற மருத்துவர், தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பிட்டதையும் குடித்ததையும் கழித்ததையும் வருடக்கணக்காக எடை போட்டு, 1614இல் புத்தகமாகவே வெளியிட்டார். உள்ளே போனதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் வெளியேறிவிடுகிறது என்று கண்டுபிடித்தார். கொழுப்பு கரைந்தாலும் அந்த வழியாகத்தான் போகிறது: 10 கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகும், மிச்சம் 1.6 கிலோ தண்ணீராக. வியர்வையில் கொழுப்பு உருகி ஊற்றுவதில்லை. ஜிம்மில் இருந்து வந்ததும் குறைந்திருக்கும் அரை கிலோ, ஒரு சொம்பு தண்ணீர் குடித்ததும் திரும்பி வந்துவிடும், வரவும் வேண்டும்.

சரி, கல்யாண எடையை விடுங்கள், அதற்கு முந்தைய இரண்டு மாதம் ஏன் நகரவில்லை? இதில் உங்களுக்கு ஆறுதலான காரணமும் உண்டு, ஆறுதல் இல்லாத காரணமும் உண்டு. வெயிட் தூக்கத் தொடங்கியதும் பழகாத தசைகளில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, அதைச் சரிசெய்ய அங்கே நீர் கோர்க்கும். உட்கார்ந்து எழ முடியாமல் தொடை வலித்த அந்த முதல் வாரங்கள் ஞாபகம் இருக்கும். பழகிய தசை முன்பைவிட அதிகக் கிளைகோஜனையும் வைத்துக்கொள்ளும், அதோடு தண்ணீரையும். மெதுவாகத் தசையும் கூடும். ஆனால் இங்கே ஒரு தப்பான ஆறுதலை எல்லோரும் சொல்கிறார்கள், "கொழுப்பெல்லாம் தசையா மாறிடுச்சு" என்று. கொழுப்பு தசையாக மாறாது, இரண்டும் வேறு வேறு. பெண்களுக்குத் தசை கூடுவது மிக மெதுவாகத்தான். இரண்டு மாதத்தில் ஒரு கிலோ கூடினாலே அது நல்ல வேலை. தசை கொழுப்பைவிடக் கனம் என்பதும் பாதி உண்மைதான். ஒரு கிலோ ஒரு கிலோதான், தசை அடர்த்தியானது என்பதால் அதே ஒரு கிலோ கொஞ்சம் குறைந்த இடத்தில் அடங்கிவிடும். எடை மாறாமல் சுடிதார் லூஸாவதில் ஒரு பங்கு இதனால்தான்.

ஆக எப்படித் தெரிந்துகொள்வது? டேப்பை எடுங்கள். இடுப்பளவு குறைந்துகொண்டு வருகிறது, எடை மட்டும் நிற்கிறது என்றால் கொழுப்பு போய்க்கொண்டுதான் இருக்கிறது. இரண்டுமே ஆறு, எட்டு வாரமாக அசையவில்லை என்றால் அப்போது தண்ணீர், தசை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது, சாப்பாடு எங்கேயோ கூடியிருக்கிறது. பெரும்பாலும் அது குழந்தைகள் தட்டில் மீதி வைப்பதும், ஜிம் போய் வந்த தைரியத்தில் சாயங்காலம் கையில் எடுக்கிற முறுக்கும், தாளிக்கிற எண்ணெயும்தான். உங்கள் சுடிதார் சொல்வதை வைத்துப் பார்த்தால் நீங்கள் முதல் வகை.

பெண்களுக்கு இன்னொரு விஷயம் இருக்கிறது, நிறைய ஆண் பயிற்சியாளர்கள் இதைக் கேட்கக்கூடத் தயங்குவார்கள். மாதவிடாய்க்கு முந்தைய வாரம் நிறையப் பேருக்கு நீர் கோர்த்து அரை கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை எடை கூடும், வயிறு உப்பும், மோதிரம் இறுகும். மாதவிடாய் வந்த இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். இந்த மாதம் முதல் வாரத்து எடையையும் நாலாவது வாரத்து எடையையும் ஒப்பிட்டால் வெறும் குழப்பம்தான் மிஞ்சும். மாதவிடாய் முடிந்த பிறகு வரும் நாலைந்து நாளை எடுத்துக்கொண்டு, போன மாதம் அதே நாட்களோடு ஒப்பிடுங்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருடைய "எடை நின்றுபோச்சு" என்ற புகார் இந்த ஒரு மாற்றத்திலேயே தீர்ந்திருக்கிறது.

இப்போது உங்கள் கேள்வியில் நான் முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். நீங்கள் இதையெல்லாம் ஆரம்பித்தது சர்க்கரைக்காக. நாலு மாதத்தில் அது எங்கேயோ மறைந்துபோய் 55 என்ற எண் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சரியாக உங்கள் நிலையில் இருந்தவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்து 2006இல் வெளியிட்டார்கள். சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, ஆனால் எல்லைக்கோட்டில் இருக்கிற 531 பேர், மூன்று வருடம். வழக்கம்போல இருந்தவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்று வருடத்தில் சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினமும் அரை மணி நேரம் நடை, சர்க்கரையும் மாவும் எண்ணெயும் குறைத்த சாப்பாடு, நார்ச்சத்து என்று மாற்றிக்கொண்டவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. இதில் என்னை உலுக்கிய விஷயம், அவர்களுடைய சராசரி எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. தராசு ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த அதே மூன்று வருடத்தில் நூற்றில் பதினாறு பேர் நோயிலிருந்து தப்பியிருக்கிறார்கள். எடை நகரவில்லை என்று அவர்கள் பாதியில் விட்டிருந்தால்?

எடை குறைவதால் பலனில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் 2002இல் வெளியான இதே மாதிரி ஆய்வில் 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட நடையும் இலக்காக வைத்தார்கள், சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்கள் 74க்கு 7 சதவீதம் என்பது 5.2 கிலோ, அதாவது 69க்குக் கொஞ்சம் கீழே. நீங்கள் ஏற்கனவே 71இல் நிற்கிறீர்கள், அந்தத் தூரத்தில் பாதிக்கு மேல் வந்தாயிற்று! 55ஐ வைத்துப் பார்த்தால் இன்னும் 16 கிலோ என்று மூச்சு முட்டும். 69ஐ வைத்துப் பார்த்தால் அடுத்த சில மாத வேலை.

நம் ஆட்களுக்குத் தராசை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இன்னும் அழுத்தமான காரணம் இருக்கிறது. புனேவைச் சேர்ந்த யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த யுட்கின் என்ற இரண்டு மருத்துவர்கள் 2004இல் தங்கள் இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு பக்கக் குறிப்பு வெளியிட்டார்கள். இரண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, அச்சு அசலாக ஒன்று, 22.3. உள்ளே இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, கை கால் குச்சி, வயிற்றைச் சுற்றி மட்டும் கொழுப்பு என்கிற தெற்காசிய உடல்வாகு இது. "நான் 60 கிலோதான், எனக்கென்ன" என்று இருக்கிறவர்களுக்குச் சர்க்கரை வருவது இதனால்தான். நமக்குப் பிஎம்ஐ 25 வரை சரி என்று இல்லாமல் 23லிருந்தே கவனம் தேவை என்று பிறகு வரம்பையே மாற்றினார்கள். வயிற்றுச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாது என்கிறார்கள். உயரத்தில் பாதிக்குக் கீழே என்பது இன்னொரு சுலபமான கணக்கு. உங்களுக்கு இரண்டு கணக்குமே கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வருகிறது: 158இல் பாதி 79. உங்களுக்கு ஒரு எண் கட்டாயம் வேண்டுமென்றால் 55ஐ எடுத்துவிட்டு இந்த 79ஐ வைத்துக்கொள்ளுங்கள். சுவாமி படத்துக்குப் பக்கத்தில் வேண்டுமானாலும் ஒட்டி வையுங்கள்.

டேப் பிடிப்பதிலும் தப்பு நடக்கும். பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் அளக்காதீர்கள், அது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடம். விலா எலும்பின் கீழ் ஓரத்துக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டு முடிக்கும் நேரத்தில், வயிற்றை உள்ளே இழுக்காமல், டேப் தோலை அழுத்தாமல். இரண்டு தடவை அளந்து சராசரி எழுதுங்கள். மாதம் ஒரு தடவை போதும். என்னிடம் இருந்த ஒரு டீச்சர் ஒரு வருடத்தில் இரண்டே கிலோதான் குறைந்தார், இடுப்பு 9 செ.மீ. குறைந்தது, பிளவுஸை இரண்டு தடவை பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. அவர் வீட்டில் அந்த வருடம் முழுக்க "இன்னும் ஜிம்முக்குப் போறியா, ஒண்ணும் குறையலையே" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தண்ணீர் கேனைப் பற்றி யாரும் உங்களிடம் பேசியிருக்க மாட்டார்கள், நான் பேசுகிறேன். 20 லிட்டர் என்றால் கேனோடு சேர்த்து 20 கிலோவுக்கு மேல். அதைத் தரையிலிருந்து குனிந்து, முதுகை வளைக்காமல், தொடையில் ஏற்றி, ஸ்டாண்டில் கவிழ்க்கிறீர்கள். போன வருடம் இதற்கு யாரையாவது கூப்பிட்டிருப்பீர்கள். நாற்பதுக்கு மேல் வருடா வருடம் தசையும் எலும்பும் தேயப்போகிற ஒரு பெண்ணுக்கு, மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு இன்னும் வேகமாகத் தேயப்போகிறவருக்கு, இதைவிடப் பெரிய சொத்து கிடையாது. சர்க்கரைக்கும் இதுவே மருந்து, சாப்பிட்ட மாவுச்சத்தை ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் பெரிய கிடங்கு தசைதான். எடை மெஷினில் இதற்கு ஒரு கட்டமும் இல்லை. அதனால் நீங்களே நோட்டில் எழுதுங்கள்: எத்தனை கிலோவில் எத்தனை ஸ்க்வாட், மூன்று மாடி ஏறினால் எங்கே மூச்சு வாங்குகிறது, காலையில் எழுந்ததும் நாடித் துடிப்பு எவ்வளவு, தூக்கம் எப்படி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஹெச்பிஏ1சி என்கிற ரத்தப் பரிசோதனை. அது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவதால் ஒரு நாள் கல்யாணச் சாப்பாட்டுக்குப் பயப்படாது.

கொழுப்பு சதவீதம், தசை சதவீதம், "உடம்பின் வயது" எல்லாம் காட்டுகிற மெஷின்களைப் பற்றியும் கேட்பீர்கள். பாதம் வழியாக மெல்லிய மின்சாரம் அனுப்பி, அது எவ்வளவு தடைபடுகிறது என்பதை வைத்து உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று ஊகித்து, அதிலிருந்து கொழுப்பை ஊகிக்கிற கருவி அது. தண்ணீர் குறைவாகக் குடித்தால் ஒரு எண், குளித்துவிட்டு ஈரக் காலோடு ஏறினால் ஒரு எண். மாதக்கணக்கில் போக்கைப் பார்க்கலாம், நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிடுவதில் பொருளே இல்லை. அதற்காகத் தனியாகக் காசு செலவழிக்க வேண்டாம் என்பேன்.

தராசைத் தூக்கி எறிய வேண்டுமா என்றால், எல்லோரும் எறிய வேண்டாம். எடையைக் குறைத்து வருடக்கணக்காகத் தக்கவைத்துக்கொண்டவர்களில் நிறையப் பேர் தவறாமல் எடை பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள்தான். பார்க்கிற விதம்தான் முக்கியம். கார்பெட்டில் வேண்டாம், ஆடாத டைல்ஸ் தரையில், ஒரே இடத்தில், காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, எதையும் குடிப்பதற்கு முன். தினமும் பார்த்து எழுதி, ஏழு நாள் சராசரியை மட்டும் போன வாரச் சராசரியோடு ஒப்பிடலாம். தினமும் பார்த்தால் மனசு கெடுகிறது என்றால் மாதத்தில் நான் சொன்ன அந்த நாலைந்து நாள் மட்டும் பாருங்கள். உங்கள் எழுத்தைப் படித்தால் உங்களுக்கு இரண்டாவதுதான் ஒத்துவரும் என்று தோன்றுகிறது.

சிலருக்கு மட்டும் தராசே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். ஒரு கல்லூரிப் பெண் வந்தாள், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை எடை பார்ப்பாள், 200 கிராம் கூடினால் ராத்திரிச் சாப்பாடு கிடையாது, எடை பார்க்கும்வரை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். நாலு மாதமாக மாதவிடாய் வரவில்லை என்பதை மெதுவாகத்தான் சொன்னாள். வீட்டில் எல்லோரும் "எவ்வளவு கட்டுப்பாடு பாரு" என்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பயிற்சியை நிறுத்திவிட்டு அவள் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசி, டாக்டரிடமும் மனநல ஆலோசகரிடமும் அனுப்பினேன். இது ஒரு நோய், சிகிச்சை உண்டு, ஜிம்மில் தீர்கிற விஷயம் கிடையாது. எண்ணைப் பார்த்து உங்கள் சாப்பாட்டைத் தண்டனையாக நிறுத்தும் எண்ணம் வந்தால் அன்றைக்கே மெஷினைப் பரணில் ஏற்றிவிடுங்கள்.

எடையை அலட்சியம் செய்யக் கூடாத இடங்களும் இருக்கின்றன. முயற்சி எதுவும் செய்யாமல் ஆறு மாதம், ஒரு வருடத்தில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் சந்தோஷப்படாமல் டாக்டரைப் பாருங்கள். சில நாளிலேயே இரண்டு கிலோவுக்கு மேல் ஏறி, கால் வீங்கி அழுத்தினால் குழி விழுகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் அன்றைக்கே பாருங்கள், இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கலாம்.

நம் ஊரில் ஆளைப் பார்த்ததும் முதல் வார்த்தையே "என்ன இப்படி இளைச்சுட்டே" அல்லது "நல்லா பூசின மாதிரி ஆயிட்டே" என்பதுதான். பிரியமாகத்தான் கேட்கிறார்கள். அந்தக் கல்யாணத்திலும் யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள், ஊர் திரும்பியதும் பல்கூடத் தேய்க்காமல் மெஷினில் ஏறியதற்குக் காரணம் இலைச் சாப்பாட்டைவிட அந்த வார்த்தையாக இருக்கலாம். உங்கள் எடையை இனிமேல் யாரிடமும் சொல்லாதீர்கள், வீட்டுக்காரரிடம்கூட. கேட்டால் "சுகர் குறைஞ்சுட்டு வருது" என்று சொல்லுங்கள்.

55 பற்றி ஒரு வார்த்தை. அது கல்யாணத்துக்கு முந்தைய உங்கள் உடம்பு, இரண்டு பிரசவத்துக்கு முந்தைய உடம்பு, கேனைத் தூக்க முடியாத உடம்பும்கூட. 71 போதும் என்று நான் சொல்லவில்லை, உங்கள் உயரத்துக்கு இன்னும் இறங்குவது நல்லதுதான். மாதம் ஒரு கிலோ, சில மாதம் அரைக் கிலோ, சில மாதம் ஒன்றுமே இல்லை என்று இறங்கட்டும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இந்த வாரம் மெஷினைத் தொடாதீர்கள். நாளைக்கு ஜிம்முக்குப் போய் வழக்கமான வெயிட்டைத் தூக்குங்கள், புதிதாகத் தண்டனை எதுவும் சேர்க்க வேண்டாம். ஒவ்வொரு வேளையும் ஒரு கிண்ணம் பருப்போ சுண்டலோ, முட்டையோ மீனோ, எது உங்கள் வீட்டுப் பழக்கமோ அது. நடையை விட்டுவிடாதீர்கள். அடுத்த மாதவிடாய் முடிந்ததும் நாலு நாள் காலை எடை, ஒரு தடவை டேப், இரண்டையும் எழுதி வையுங்கள். கடைசியாக எடுத்த ஹெச்பிஏ1சி எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை. அதைத் தேடி எடுத்து வையுங்கள், அடுத்த ரிப்போர்ட் வந்ததும் இரண்டையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.